கிங்ஸ்டனைக் கூப்பிடும் குரல்

புன்னைக்காயலில் விடிவதற்கு முன் வள்ளக்காரர்கள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போக வீட்டு வாசலில் நின்று ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு போன் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் வள்ளக்காரர் ஜெரால்டு அண்ணன் நின்று, "ஏலே கிங்ஸ்டன்!" என்பார். கிங்ஸ்டன் உடனே ஓடமாட்டான். அடுப்படியில் நிற்கும் அக்கா விக்டோரியாவிடம் கேட்பான்.

"யக்கா, வெளியவா, உள்ளயா?"

"வெளியதாம்ல. போ."

அதன் பிறகுதான் தூக்குச்சட்டியை எடுப்பான்.

அவனுக்கு மனச்சிதைவு நோய். இல்லாத குரல்கள் கேட்கும். வாலிபத்தில் ஒரு குரலின் பின்னால் கடலுக்குள் நடந்தே போனவனை இழுத்துவந்து, சில மாதம் சங்கிலியில் போட்டிருந்தார்கள். பாவம்தான்; அன்று யாருக்கும் வேறு வழி தெரியவில்லை. பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை. குரல் விஷயத்தில் தம்பியிடம் பொய் சொல்வதில்லை என்று அக்கா சத்தியம் செய்தாள். அதை நம்பியே பதினோரு வருடம் அவன் கடலுக்குப் போனான்.

போன வருடம் சென்னையிலிருந்து மூன்று பேர் கேமராவோடு வந்தார்கள். மனநோயாளிகளின் வாழ்க்கையை ஆவணப்படமாக்கி உலகுக்குக் காட்டப் போகிறார்களாம். கிங்ஸ்டன் எல்லாவற்றையும் சொன்னான்: வள்ளம், வலை, மாத்திரை, அக்காவிடம் கேட்கும் கேள்வி. "சூப்பர்ணா" என்றார்கள். பிறகு சங்கிலியைப் பற்றி விசாரித்தார்கள். அது இப்போது ஆட்டின் கழுத்தில் கிடந்தது.

"அஞ்சே நிமிஷம்ணா. அப்ப எப்படி இருந்துச்சுன்னு காட்டத்தான்."

அக்கா முகத்தைச் சுளித்தாள். கிங்ஸ்டனே போய் ஆட்டை அவிழ்த்தான். "படிச்ச பிள்ளைய, நம்மள நம்பி வந்திருக்குக்கா" என்றான். வந்தவர்களிடம் முகத்தை முறித்துப் பேசத் தெரியாதவன்.

படம் வந்தது. சங்கிலி, கால், ஆளில்லாத கடற்கரை, பின்னால் வயலின் அழுகை. வள்ளம் இல்லை, மாத்திரை இல்லை. அது பழைய கதை என்று ஒரு வார்த்தை இல்லை.

ஜெரால்டு அண்ணனின் மகன் பஹ்ரைனிலிருந்து கூப்பிட்டான். "யப்பா, கட்டிப் போட்டிருக்கவன நடுக்கடலுக்கா கூட்டிட்டுப் போறிய?" வீட்டுப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். கண்ணெதிரே பதினோரு வருடம் கண்டது பொய், போனில் கால்மணி நேரம் கண்டது மெய்!

"எனக்குத் தெரியும்மா, அவனக் கூட்டிட்டுப் போக வீட்ல விட மாட்டேங்காவ" என்று ஜெரால்டு அண்ணன் அக்காவிடம் தலைகுனிந்தார். "அவன் பங்கு மீன் வந்துரும்."

மீன் தவறாமல் வந்தது. அவர் மட்டும் விடியலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் எங்கள் சந்து வழியே போனார்.

கிங்ஸ்டனின் தலையணைக்கடியில் ஒரு குவியல் மாத்திரை இருப்பதை அக்கா போன வாரம்தான் கண்டாள். விழுங்காமல் சேர்த்து வைத்திருந்தான்.

"இதப் போட்டா காது அடைக்குக்கா. அண்ணன் கூப்பிடுறது கேக்க மாட்டேங்கு."

நேற்று விடியலில் தூக்குச்சட்டியோடு வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, அண்ணன் கூப்பிடுதாவ. வெளியவா, உள்ளயா?"

சந்தில் நாய்கூட இல்லை. அக்கா சத்தியத்தை மீறவில்லை. "உள்ளதாம்ல."

"பொய் சொல்லுதக்கா" என்றான். கடலைப் பார்த்து நடந்தான்.

இடுப்பளவு தண்ணீரில் பிடித்தோம். ஆஸ்பத்திரிக்கு இன்றுதான் கூட்டிப் போக முடிந்தது. அதுவரை எப்படிப் பிடித்து வைப்பது? அக்கா கொல்லைக்குப் போய் ஆட்டை அவிழ்த்துவிட்டு, சங்கிலியோடு உள்ளே வந்தாள்.