ஈரத் தலையில் சீப்பு

பேன் சீப்பின் பற்களுக்கு நடுவே ஒரு கொத்து முடி சிக்கி நின்றது. நல்ல கறுப்பு. ஒவ்வொரு இழையும் பேனாவுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருந்தது. வேரோடு வரவில்லை, நடுவில் முறிந்து வந்திருந்தது. அந்தப் பெண் பார்ப்பதற்குள் முந்தானையில் முடிந்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவள் கை அதற்குள் இடது காதுக்கு மேலே போய்விட்டது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு முடி கட்டை கட்டையாக நின்றது. தொட்ட இடத்தையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஆயாவாக இருந்தேன். பதினோரு வருடம் வேலை பார்த்தும் என்மேல் ஒரு சொல் வந்தது கிடையாது. வெள்ளிக்கிழமை வந்தால் பிள்ளைகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் அறை வாசலில் வரிசையில் நிற்பார்கள். எவ்வளவு சிக்கு விழுந்த தலையானாலும் என் கைக்குப் படியும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்தவள். மாடியில் கடைசி அறை. இரண்டு வருடத்தில் தமிழ் ஓரளவு பேசக் கற்றிருந்தாள், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவள் முடி கீழே தொங்காது, தலையைச் சுற்றி எழும்பி நிற்கும். காலையில் நான் மாடி பெருக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒரு மக் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து முடியை ஈரமாக்குவாள். ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவிலிருந்து வெள்ளைக் களிம்பை எடுத்து, பிரி பிரியாகப் பிடித்து உருவுவாள். அதற்கும் மேலே எண்ணெய். இப்படித் தினம் தலையை நனைத்தால் ஜலதோஷம் பிடிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வேன். எண்ணெய் வைத்துத் தண்ணீர் விடுவதுதானே முறை, இவள் தலைகீழாகச் செய்கிறாளே என்று உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு.

அந்தக் கோடையில் விடுதி முழுக்கப் பேன். கீழ் அறைகளில்தான் முதலில் வந்தது. ஆனாலும் எல்லார் கண்ணும் மாடிக் கடைசி அறைக்குத்தான் போயிற்று. திங்கட்கிழமை வார்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இத பாரு, சனிக்கிழமை எல்லார் தலையையும் நானே செக் பண்ணப் போறேன். அந்தப் பொண்ணு முடிய உன்னால க்ளீன் பண்ண முடியலன்னா சொல்லிடு. பார்பரை வரவெச்சு எடுத்துடலாம். ஷார்ட்டா இருந்தா அவளுக்கே ஈஸி."

"பார்பர் எதுக்கும்மா? என் கைக்குப் படியாத முடி இன்னும் பொறக்கல" என்றேன். கூடவே இருந்த இன்னொரு ஆயா வெளியே வந்ததும் என் தோளை இடித்தாள். "இன்னாக்கா, இப்டி சவால் வுட்டுக்கினு வர்ற? அந்தத் தலையில பேன் பூந்தாக்கூட வழி தெரியாம அழுதுகினு கெடக்கும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வெள்ளியைப் போலவே பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். களிம்பு டப்பா தீர்ந்துபோய் அந்தப் பெண்ணும் கலங்கிப் போயிருந்தாள். நான் கூப்பிட்டதும் நம்பி வந்து உட்கார்ந்தாள். நல்லெண்ணெய் வைத்து, அரைத்த சீயக்காயைப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டு இல்லாமல் அலசினேன். எங்கள் போர்த் தண்ணீர் வேறு உப்பு. ஈரத் தலையில் சீப்பு வைக்கக் கூடாது என்பது நமக்குப் பிறந்த நாள் முதல் சொல்லி வளர்த்த விஷயம். அதனால் கரி மூட்டி, சாம்பிராணி தூவி, புகையில் விரித்து ஈரம் என்று பேருக்குக்கூட இல்லாமல் காய வைத்தேன். "அம்மா, வேணாம், தண்ணி வேணும்" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "சும்மா இருடி, எனக்குத் தெரியும்" என்று அடக்கிவிட்டுப் பேன் சீப்பை வைத்து இழுத்தேன். அப்போது முறிந்ததுதான் அந்தக் கொத்து. பேன் ஒன்றுகூட இல்லை. ஈர் இல்லை. முடி மட்டும் காய்ந்த தேங்காய் நார் மாதிரி மொரமொரத்தது.

காதோரத்தைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள், "எங்க ஊர்ல அம்மா செத்தாதான் பொண்ணு தலைமுடி எடுக்கும். என் அம்மா ஆஸ்பத்திரில இருக்கு. உயிரோட இருக்கு. நான் எடுக்க மாட்டேன் அம்மா."

தாய் உயிரோடிருக்க மகள் தலையில் கத்தி வைப்பதா? சனிக்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள் இருந்தது. தொட்டால் முறிகிற முடியை எப்படித் தேற்றுவது என்று அவளையே கேட்டேன். வயதில் சிறியவளிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லைதான். ஆனாலும் கேட்டேன். "தண்ணி முதல்ல. அப்புறம் வழுவழுன்னு ஏதாச்சும். அப்புறம் எண்ணெய், தண்ணி வெளில போகாம" என்றாள். வழுவழுப்புக்கு மதிலோரம் நின்ற செம்பருத்தி இருந்தது. இலையைக் கசக்கித் துணியில் வடிகட்டினால் மூக்குச்சளி போல வருமே, அதை நனைந்த முடியில் தடவினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட விரலாலேயே நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்கச் சொன்னாள். ஈரத் தலையில் கை வைக்கும்போதெல்லாம் யாரோ என்னை அதட்டுவது போலிருந்தது. ஆனால் முடி முறியவில்லை, வழுக்கிக்கொண்டு பிரிந்தது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ரயிலேறிப் போய்க் கெட்டியான விளக்கெண்ணெய் வாங்கி வந்து மேலே பூசினேன். சுருள்கள் மறுபடி மினுங்கின. காதுக்கு மேலே இருந்த அந்த இடத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்தபோது வார்டன் முடியைத் தொட்டுப் பார்த்து, "பரவாயில்லையே, சாஃப்டா இருக்கே" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி காதோரம் முடியை ஒதுக்கினார்.

"என்ன இது? பூச்சிவெட்டா? எல்லாருக்கும் ஒட்டிக்குமே! இன்னைக்கே மொத்தமா எடுத்தாகணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் தரையையே பார்த்து நின்றாள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பதினோரு வருடப் பேரும் அப்படியே இருக்கும்.

"அது பூச்சிவெட்டு இல்லம்மா. நான் ஒடைச்சது."

"என்னது?"

"நல்லாருந்த முடிய சீயக்கா போட்டு, பொகை காட்டி, வறட்டு வறட்டுன்னு சீவி நான்தான் ஒடைச்சேன். பேனும் இல்ல, ஒரு நோவும் இல்ல. எடுத்துத்தான் ஆவணும்னா என் தலைய எடுங்க."

நாலைந்து பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "ஐயோ அக்கா, கம்முனு இரேன்" என்று மற்ற ஆயா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வார்டன் சிரிக்கவில்லை. "தெரியாத விஷயத்துல கை வெக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் அது இன்றைக்கும் உறைக்கிறது. அவள் முடியை யாரும் எடுக்கவில்லை. என்னைச் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் வரிசையும் அத்தோடு நின்றது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் அவள் ஒரு மக் தண்ணீரோடும் விளக்கெண்ணெய்ச் சீசாவோடும் சமையல்கட்டுப் பின்புறம் வந்து, என் முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என் கை எழவில்லை.

"பயமா இருக்குடி" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். "தண்ணி முதல்ல அம்மா."

அவள் படிப்பு முடிகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அவள் அம்மா தேறி வீட்டுக்குத் திரும்பினதையும் அப்படி உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள். காதோர முடி வளர்ந்து மற்றதோடு சேர்ந்துகொண்டது. இன்றைக்குத் தாம்பரம் கடைகளில் சுருட்டை முடிக்கென்றே பாட்டில் பாட்டிலாக வைத்திருக்கிறார்கள், ஈரத்தில் தடவு என்று படம் போட்டிருக்கிறது. எனக்கு அதைக் கண்டால் பெருமூச்சுதான் வருகிறது. நாற்பது பேர் முன்னால் வார்டனிடம் சொன்ன வார்த்தையை, தப்பு என்னுது என்கிற அந்த ஒரு வார்த்தையை, என் மடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வரும். அதற்குள் அடுத்த பிரியைக் கையில் எடுத்துவிடுவேன்.