சேறு படாத ஜேர்சி

பையின் சிப்பைத் திறந்தவுடனே அந்த மணம் முகத்தில் அடிக்கும்... ஈரச் சேறு, புல்லு, வேர்வை, கால் நோவுக்குப் பூசுகிற தைலம், எல்லாம் கலந்து.

லண்டன் வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. தென் லண்டனில் ஒரு புட்பால் கிளப். பெயர் வேண்டாம். அவர்கள் பயிற்சி செய்கிற மைதானத்துக்குப் பின்னால் ஒரு லாண்டரி அறை. மிச்சம் என்கிற இடத்தில் வீடு, அங்கிருந்து பஸ்ஸில் போவேன். ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவள், இங்கே விளையாட்டுக்காரரின் சொக்ஸைப் புரட்டிச் சேறு தட்டினேன்.

வேலை பழகிவிட்டது. கதைக்கத்தான் ஆள் இல்லை. மேற்பார்வை பார்த்த மோரீன் நல்ல மனுஷி, ஆனால் அவள் பேசுவதில் பாதி எனக்கு விளங்காது. என் கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். அவர் உள்ளே வர நான் வெளிக்கிடுவேன்.

"சாப்பாடு பிரிட்ஜுக்குள்ள இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ."

"ஓம்... நீர் கவனமாப் போயிட்டு வாரும்."

ஒரு நாளைக்கு எங்கள் இரண்டு பேரின் கதையும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்த வருடம் ஜப்பானிலிருந்து ஒரு விளையாட்டுக்காரர் வந்தார். கென் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஜப்பான் பத்திரிகைக்காரர் கமராவோடு காத்து நிற்பார்கள். அவர்களில் ஒருவர் மோரீனிடம் ஒரு சஞ்சிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் கென். உள்ளே, அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். அங்கே அவர் தெருவில் நிம்மதியாக நடக்க ஏலாதாம்.

இங்கே அவரை மைதானத்தில் இறக்கவே இல்லை.

மாட்ச் முடிந்து பை வரும்போது எல்லா ஜேர்சியும் சேற்றில் தோய்ந்திருக்கும். கென்னுடையது மட்டும் மடிப்புக்கூடக் கலையாமல் கிடக்கும். "வாஷ் இட் எனிவே, லவ்" என்பாள் மோரீன். தோய்ப்பேன். அடுத்த முறையும் அது அப்படியே வரும்... சேறு படாமல்.

குளிர் தொடங்கிய ஒரு மத்தியானம் அவர் லாண்டரி வாசலில் வந்து நின்றார். கையில், காலிலிருந்து கழற்றிய ஈரச் சப்பாத்து. டிரையரைக் காட்டி, "வார்ம்?" என்றார். கதிரையை இழுத்துப் போட்டேன்.

பிறகு பயிற்சி முடிந்தால் அடிக்கடி வருவார். நான் சோறும் பருப்பும் சாப்பிடுவதை ஒருநாள் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரைஸ்" என்றார். "ஓம், ரைஸ்" என்று மூடியில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். மிளகாய் உறைத்துக் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு சோறு கொஞ்சம் கூடவே போட்டுக் கட்டினேன்.

அவருக்கும் இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது. டிரையர் சுற்றுகிற சத்தத்தில் இரண்டு பேரும் சும்மா இருப்போம். ஒருமுறை மட்டும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து விரல் மடித்து எண்ணினார். "நவ்... மதர் ஸ்லீப்" என்றார். இவர் பயிற்சி முடித்து வெளியே வருகிற நேரம் அங்கே ராத்திரி. அது எனக்கு நல்லாக விளங்கியது.

குளிர் முடிகிற காலத்தில் ஒரு சனிக்கிழமை. நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கிறேன். ரேடியோவுக்குப் பக்கத்திலிருந்து என் கணவர் கத்தினார்.

"இஞ்ச வாரும்! உம்மட ஜப்பான்காரன் இறங்கிட்டான்!"

கடைசிக் கொஞ்ச நேரம்தான் விளையாட விட்டார்கள். கோல் எதுவும் அடிக்கவில்லை. ரேடியோக்காரர் அவருடைய பெயரைக்கூடப் பிழையாகச் சொன்னார். கிளப் தோற்றும் போனது. ஆனாலும் நான் ஈரக் கையோடு கடைசி வரைக்கும் அங்கேயே நின்றேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போனால், பையில் அவருடைய ஜேர்சி இல்லை. மோரீன் தேடித் திட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கென் வந்தார். இரண்டு கையாலும் ஜேர்சியை ஏந்திக்கொண்டு என் முன்னால் குனிந்தார்.

"டுடே... டேர்ட்டி."

சிரிப்பை அடக்க முடியாத முகம். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த ஒரு ஜேர்சியை மட்டும் மெஷினில் போட்டேன். அப்படிப் போடக் கூடாது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் மண்ணிறமாக மாறியதை இரண்டு பேரும் நின்று பார்த்தோம். மோரீன் ஏசத்தான் வாய் திறந்தாள்... எங்களைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

வசந்தத்தில் கிளப் அவரை விட்டுவிட்டது. "ஹீஸ் கோன் ஹோம், லவ்" என்றாள் மோரீன். போய்வருகிறேன் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லையோ, நேரம் கிடைக்கவில்லையோ. அன்றைக்குக் கொண்டுபோன சோற்றில் பாதியைத் திருப்பிக் கொண்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அவருடைய நல்ல காலம் தொடங்கியது. நெடுங்காலம் விளையாடினார். கப்டன் ஆனார். நாட்டு அணிக்கும் திரும்பப் போனார்.

இப்போது இங்கே ஜப்பான்காரர் கிழமைக்குக் கிழமை விளையாடுகிறார்கள். வெள்ளைக்காரச் சனம் அவர்களுக்குப் பாட்டுக் கட்டிப் பாடுகிறது. அவர்களுடைய பெயர்களை ரேடியோவில் சரியாகச் சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷம்தான்.

நான் லண்டன் ஓரத்தில் சட்டன் என்கிற இடத்தில் இருக்கிறேன். கணவர் இப்போது இல்லை. மகள் மேல்மாடியில் ஹெட்போனோடு வேலை செய்வாள்.

போன கிழமை கென்னுடைய கடைசி மாட்ச் வீடியோ கண்ணில் பட்டது. காதோரம் நரைத்துவிட்டது. மைக்கைப் பிடித்து நெடுநேரம் பேசினார். அந்த ஜப்பானிய மொழியில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்... லண்டன்.

மகளைக் கூப்பிட்டேன். போனில் எதையோ தட்டி, அது மொழிபெயர்த்துக் காட்டியதை வாசித்தாள்.

"அம்மா, லண்டனில இருக்கேக்க கதைக்க ஒருத்தரும் இருக்கேல்லையாம். வெரி லோன்லியாம்."

"ஓம்," என்றேன். "அது உண்மைதான்."

அவள் திரும்பிப் படியேறிப் போனாள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே அவர்... நாங்கள் எங்கே கதைத்தோம்? இன்றைக்கென்றால் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கதைத்திருப்போம். நான் கணக்கு டீச்சர் என்பதையும் சொல்லியிருப்பேன்.

வீடியோவை முதலிலிருந்து இன்னொரு தரம் போட்டேன்.