முடிவு கேட்டுப் போன கங்கம்மா

கங்கம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவள். 2004-ல் அவள் குடியிருந்த காலனிக்குச் சென்னை மருத்துவமனை ஒன்றின் முகாம் வந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று நாற்பத்திரண்டு பெண்களைச் சோதித்தார்கள். வெட்கத்தை விட்டு வந்தவர்களிடம், பதினைந்து நாளில் முடிவு வந்துவிடும் என்றார்கள். நான்கு மாதமாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நம்மை வைத்துப் பாடம் படித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கங்கம்மா விடவில்லை. லீவு போட்டுவிட்டு மின்சார ரயிலேறி அந்த மருத்துவமனைக்குப் போனாள். முதல்முறை டாக்டர் இல்லை என்றார்கள். அடுத்த முறை, ஏதாவது இருந்தால் கடிதம் வந்திருக்குமே என்றார்கள். மூன்றாம் முறை அவள் பெஞ்சைவிட்டு எழவே இல்லை. கடைசியில் மெர்சி என்கிற நர்ஸ் பீரோவைக் குடைந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்தாள். நாற்பத்திரண்டு முடிவுகளும் அனுப்பாமலே கிடந்தன. அதில் மூன்று பேர் உடனே வரவேண்டும் என்று எழுதியிருந்தது. ஒருத்தி கங்கம்மா.

மெர்சி மழுப்பவில்லை. "அக்கா, உங்களுக்கு ஆரம்பம்தான். ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். அனுப்பாம விட்டது எங்க தப்பு."

கங்கம்மா கட்டில் இருந்த மற்ற காகிதங்களைக் காட்டினாள். "இத எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாதும்மா. ஒவ்வொரு ஊட்டுக்கும் வந்து சொல்லு. நான் கூட வரேன்."

ஞாயிற்றுக்கிழமை மெர்சி வந்தாள். கங்கம்மா குரல் கொடுத்த பிறகுதான் பல கதவுகள் திறந்தன. மூவரில் ஒருத்தியான செண்பகம், அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்கள நம்புன்னு நான் சொல்லல," என்றாள் கங்கம்மா. "ரெண்டு பேரும் சேந்து போவோம். இன்னா பண்றாங்க, எதுக்குப் பண்றாங்கன்னு கேட்டுக்கினே பண்ணிக்கலாம்."

ஆபரேஷன் செய்துகொண்டு இருவரும் பிழைத்தார்கள். மூன்றாமவள், அதே காலனியில் இருந்த தேசப்பன் என்பவரின் மனைவி, நோய் முற்றிப்போய் அடுத்த ஆடியில் இறந்தாள். வீணாய்ப்போன அந்த நான்கு மாதத்துக்காகக் கங்கம்மா யாரையும் மன்னிக்கவில்லை.

2007-ல் அதே மருத்துவமனை மறுபடி முகாம் போட வந்தது. நாற்காலி போடுவதற்கு முன்பே கங்கம்மா போய் நின்றாள். முடிவு எந்தத் தேதியில் வரும், யார் கொண்டுவருவார், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். டாக்டருக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் ஒருத்தியும் வரிசைக்கு வரவில்லை. பிறகு அவர் பேனாவை எடுத்தார். சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்பே மெர்சி முடிவுகளோடு வந்து இறங்கினாள்.