இல்லை என்று சொல்லாத தூதர்

இத்தாலியின் சிசிலித் தீவில், பகேரியா என்ற ஊரில் நான் வேலை செய்த வீட்டுக் கிழவருக்குப் பரோன் என்ற பிரபுப் பட்டம் இருந்தது. அதைத் தவிர உருப்படியாக வேறொன்றும் இருக்கவில்லை. மழை பெய்தால் வரவேற்பறை முழுவதும் வாளி வைக்க வேண்டும், அதை அவர் அரண்மனை என்பார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோவில் இருந்த என் அறையிலிருந்து ரயிலேறிப் போய் அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, உப்பில்லாத பாஸ்தா அவித்துக் கொடுப்பேன். அவருடைய கதையைக் கேட்பதும் வேலைதான். அதற்குச் சம்பளம் இல்லை.

கதை எப்போதும் ஒன்றுதான். சிசிலி ஸ்பானிய அரசரின் கீழ் இருந்த காலத்தில் இவருடைய மூதாதை ஒருவர் பலெர்மோ அரசவையில் இருந்தாராம், பிறகு அரசரிடம் போகும் தூதராகவும் ஆனாராம். சாப்பாட்டு மேசைக்கு மேலே அவருடைய படம் தொங்கியது. கறுப்பு உடுப்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புப் பட்டி, மலச்சிக்கல் பிடித்த முகம்.

"நாட்டை ஆள அரசர் அனுப்பிய நான்கு பிரதிநிதிகளின் கீழ் இருந்தார். ஒருவரோடும் பகை இல்லை," என்பார் கிழவர்.

பகை எப்படி வரும்? பழைய பிரதிநிதி கப்பலேறிய அன்றைக்கே புதியவரின் தாடியைப் புகழ்ந்து பாட்டு எழுதிக் கொடுத்த மனுஷன். பிரதிநிதியின் மனைவிக்குத் தலையிடி என்றால் இவருக்கும் தலையிடிக்கும். அரசரின் செயலாளரோடு கடதாசிச் சீட்டு விளையாடினால் வேண்டுமென்றே தோற்பார். இதையெல்லாம் கிழவர் கண் கலங்கச் சொல்வார். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட ஆளை வால்பிடி என்போம். இவர்கள் தங்கச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்கள்.

ஒருமுறை பலெர்மோவில் கோதுமை இல்லாமல் சனம் பட்டினி கிடந்ததாம். அரசரிடம் தானியம் கேட்டு வர நகரத்தார் இவரை அனுப்பினார்கள். மாதக்கணக்கில் அரசரின் வாசலறையில் காத்து நின்று, தனக்கொரு பரோன் பட்டத்தோடு திரும்பி வந்தார்.

"கோதுமை?" என்று கேட்டேன்.

"அரசரைச் சங்கடப்படுத்தலாமா?" என்றார் கிழவர். "ஆனால் ஒன்று, தன்னிடம் உதவி கேட்டு வந்த எவனிடமும் எங்கள் தூதர் இல்லை என்று சொன்னதே கிடையாது."

அந்தக் கடைசி வசனத்தை நான் அந்தக் குடும்பத்தின் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் ஓர் உதவி வேண்டியிருந்தது. மனைவியும் மகளும் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறையொன்றில் கிடந்தார்கள். தமிழரைத் தேடிப் பொலிஸ் சுற்றிவளைப்பு என்றால் அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் போய் இருக்க வேண்டும். அவர்களை இங்கே கூப்பிட கொஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகம் அனுமதி தர வேண்டும். ஆள் பிடிக்காமல் எந்தக் கந்தோரிலும் அலுவல் நடக்காது என்பது எங்கள் சனத்தின் வேதம். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். கொஸ்தூராவின் பெரிய அதிகாரி ஒருவர் கிழவருக்குச் சிநேகிதர். ஆகவே கேட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்கிறேன்," என்றார்.

மனைவி ரெலிபோனில் ஒவ்வொரு முறையும் அதையே கேட்பாள். "அவர் கதைச்சிட்டாரோ?"

"கதைக்கிறன் எண்டவர். பெரிய இடத்து ஆள், கைவிடமாட்டார்."

இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

கடைசியில் அந்த அதிகாரி ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். மீன் பரிமாறினேன், வைன் ஊற்றினேன், கதவோரம் நின்றேன். கிழவர் மூதாதையின் கதையை முதலிலிருந்து சொன்னார். அதிகாரி கொட்டாவியை விழுங்கினார். பழம் வெட்டும் நேரம் கிழவர் அவருடைய கையைப் பிடித்து, "உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும்," என்றார். மாதாவே என்று நெஞ்சுக்குள் கும்பிட்டேன்.

கிழவருடைய துவக்கு உரிமம் காலாவதியாகிவிட்டதாம். முயல் சுடப் போக வேண்டுமாம். கதிரையிலிருந்து எழும்ப என் தோளைப் பிடிக்கிற கிழடுக்கு முயல் வேட்டை! அதிகாரி சிரித்துத் தலையாட்டினார். கிழவர் என் பக்கம் திரும்பி, கோப்பி கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன். அவ்வளவு அருவருப்பு என் வாழ்க்கையில் எந்த மனுஷன்மேலும் வந்ததில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. கொஸ்தூராவில் எல்லாரையும் போல வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சூயிங்கம் மென்றபடி என் கடதாசிகளைப் புரட்டினாள்.

"வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. எல்லாம் சரி. ஏன் இவ்வளவு காலம் வரவில்லை?"

"பரோன் உங்கள் பெரியவரிடம் சொல்வார் என்று..."

"எதற்கு?" என்றாள். உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். முத்திரை குத்தி அவற்றை உள்ளே எடுத்துக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அன்றைக்கே மனைவிக்கு ரெலிபோன் எடுத்து நடந்ததை எல்லாம் கொட்டினேன். மூதாதையையும் விடவில்லை, கிழவரையும் விடவில்லை.

"பரம்பரை வால்பிடியள்!" என்று கத்தினேன்.

அவளுக்குப் பின்னால் மகள் இருமுவது கேட்டது.

"ரெண்டு வருஷமா அந்தக் கிழவனுக்கு வால் பிடிச்சது ஆரப்பா?" என்று மனைவி கேட்டாள்.