சாப்பாட்டுக் குழாய்

கார்குழலியின் இருபது வருட நர்ஸ் வேலையில் மூன்று மெமோக்கள். மூன்றும் ஒரே குற்றத்துக்குத்தான்: டாக்டர் சொன்னதைச் செய்யவில்லை.

குடலில் ஆபரேஷன் ஆன பஞ்சநாதனுக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது. கழுத்து நரம்பில் போட்ட மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் நிறத்தில் சத்து இறங்கியது. கிருமிக்கும் அது நல்ல தீனி. கார்குழலி கை கழுவி, குழாயும் சத்துப் பையும் சேரும் மூட்டை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, பதினைந்து எண்ணி, காயவிட்ட பிறகே பையை மாட்டுவாள்.

அவர் மனைவி பச்சையம்மாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். புருஷனுக்குச் சோறு போடும் குழாயாயிற்றே என்று முதல் நாளே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மூட்டில் விபூதியும் பூசிவிட்டாள்.

"விபூதிய நெத்தியில பூசும்மா. இது அவரு வாய்," என்று கார்குழலி சீறினாள். உடனே பையிலிருந்து வரும் குழாயை மாற்றினாள்.

ஒன்பதாம் நாள் காலை டாக்டர் இளம்பரிதி ரத்தம் எடுக்க வந்தார். கையில் இரண்டு முறை குத்தியும் நரம்பு சிக்கவில்லை.

"சிஸ்டர், கழுத்து லைன்லயே எடுத்துடலாம். திறங்க."

"அது சாப்பாட்டுக்கு மட்டும் சார்."

"ஒரு தடவைதானே?"

வேலைக்குச் சேர்ந்த வருடம் இதே வார்த்தைக்குத் தலையாட்டி, வேம்பு என்ற பெண்ணின் குழாயைத் திறந்திருந்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. அவள் வீடு திரும்பவில்லை.

"திறக்க மாட்டேன் சார்."

"ரிப்போர்ட் பண்ணுவேன்."

"பண்ணுங்க. இனிஷியல் போட்டு எழுதுங்க. ஓபியில இன்னொரு கார்குழலி இருக்கா, பாவம், அவ தலையில வுழுந்துடப் போவுது."

டாக்டர் தானே குழாயை நோக்கிக் கை நீட்டினார். பச்சையம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"தம்பி, கட்டின பொண்டாட்டி என்னையே தொட வுடல இந்தம்மா. நீ இன்னா?"

கார்குழலி கட்டிலின் கால்மாட்டில் குனிந்தாள். பஞ்சநாதனின் பாதத்தைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரே குத்தில் ரத்தம் எடுத்து நீட்டினாள். டாக்டர் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் நான்காவது மெமோ வந்தது. விளக்கம் கேட்ட இடத்தில் எழுதினாள்: 'அது நோயாளி சாப்பிடும் வழி. திறக்கவில்லை. இனியும் திறக்க மாட்டேன்.'

கையெழுத்துப் போட்டுவிட்டு, கை கழுவி, புதுப் பையோடு கட்டிலுக்கு வந்தாள். பஞ்சநாதனுக்கு இன்றும் காய்ச்சல் இல்லை. அவள் மூட்டைத் தேய்க்கத் தொடங்கியதும், பச்சையம்மாள் மீன் ஏலக் குரலில், வார்டே கேட்கும்படி, ஒன்று இரண்டு என்று எண்ணினாள்.

"...பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. இரு சிஸ்டர், காயட்டும்."