ஒன்பதாவது செடி

பச்சை மல்லாட்டையின் ஓட்டை உடைத்ததும் வரும் வாசனை மண்ணும் பாலும் கலந்த மாதிரி இருக்கும். வேர்க்கடலை என்று சொன்னால் எனக்கு அந்த வாசனை வராது. திண்டிவனத்துக்கு மேற்கே நாங்கள் இருந்த ஊரில் அது "மல்லாட்டை"தான். இப்போதும் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவித்த மல்லாட்டை வாங்கினால், முதல் காயை உடைப்பதற்கு முன் சுற்றும் முற்றும் பார்த்துக்கொள்கிறேன். ஐம்பது வயதாகியும் விடாத பழக்கம்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பி சாமுவுக்கு ஆறு. மார்கழி விதைப்புக்காக அம்மா மல்லாட்டையை உடைத்துப் பயறு எடுத்துக்கொண்டிருந்தாள். விதைக்கு வைத்த பயறில் யாராவது வாய் வைத்தால் அம்மாவின் கைதான் பேசும். முறத்தில் பயறு குறைந்திருப்பதைக் கண்டவள், "வெதையத் தின்னா வெள்ளாம எங்கிருந்துடா வரும்?" என்று சாமுவின் முதுகில் நாலு வைத்தாள். அவன் தின்னவில்லை. தின்றவள் நான். மிச்சம் ஐந்து பயறு அந்த நேரத்திலும் என் பாவாடை மடிப்பில் இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றேன். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று ராத்திரியே அவனுக்கு ஜுரம் கண்டது, நான்காம் நாள் போய்விட்டான்.

கிறிஸ்துமஸுக்குத் தைத்த புதுச் சட்டையோடு அவனை எடுத்துப் போனோம். குழியருகே உபதேசியார், "பொதைக்கிறோம்னு நெனைக்காதீங்க, வெதைக்கிறோம். ஒருநாள் எழும்பி வருவான்" என்றார். பெரியவர்களுக்கு அது ஆறுதல், தலையாட்டினார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். விதைப்பென்றால் என்னவென்று வெள்ளாமைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? மல்லாட்டை போட்டால் ஏழெட்டு நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். தம்பியும் அப்படித்தான் வருவான். வருகிறவனிடம் வெறுங்கையோடு நிற்கக்கூடாதென்று, மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் போய், ஒளித்துவைத்த ஐந்து பயறையும் தலைமாட்டில் வரிசையாக ஊன்றி, "நான் தின்னது தப்புதான்டா, இத நீ வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நிற்க, நான் மட்டும் கல்லறைத் தோட்டத்துக்கு நழுவினேன். நல்ல உச்சிவெயில், ஒரு காக்கைகூட இல்லை. மேடு வெடித்திருந்தது. நான் ஊன்றிய தலைமாட்டில் மட்டுமில்லை. நடுவில், அவன் நெஞ்சு இருக்கும் இடத்திலும், கால்மாட்டிலும் மண் தூக்கிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன மண்கட்டி தானாகப் புரண்டு விழுந்தது. எழும்பி வந்தால் முதலில் என்ன கேட்பான் என்பது எனக்குத் தெரியும். "ஏன்க்கா சொல்லல?" திரும்பிப் பாராமல் ஓடினேன். வரவேண்டும் வரவேண்டும் என்று காத்திருந்துவிட்டு, வரப்போகிறான் என்றதும் குலை நடுங்கிய அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்த்தபோது ஒன்பது செடிகள் இருந்தன. ஐந்து ஊன்றினால் ஒன்பது எப்படி முளைக்கும்? திரும்பத் திரும்ப எண்ணினேன். மாசி வெயிலில் சுற்றியிருந்த புல்லெல்லாம் கருகியும், அந்த மேடு மட்டும் ஈரமாகவே கிடந்தது. "அந்தப் புள்ள குழியாண்ட யாரோ நடமாடறாப்பல கீது" என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். ஆடு ஓட்டுகிறவர்கள்கூட அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். தையிலேயே மஞ்சளாய்ப் பூத்திருந்தது. மல்லாட்டைப் பூவின் சங்கதி தெரிந்திருக்கும்: மற்றதெல்லாம் பூத்த இடத்திலேயே காய்க்க, இது மட்டும் பூ வாடியதும் விழுது விட்டு, மண்ணைத் துளைத்து உள்ளே போய்த்தான் காய்க்கும். ஒன்பது செடியின் விழுதும் தம்பியைத் தேடிக்கொண்டு கீழே போவதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடே பிடிக்காமல் போயிற்று.

ஈஸ்டர் அன்று விடியுமுன் மெழுகுவத்தி ஏந்திப் பாடிக்கொண்டு கல்லறைக்குப் போய், ஒவ்வொரு குழியருகிலும் நின்று "உயிர்த்தெழுந்தார்" என்று சொல்வது எங்கள் சபையின் வழக்கம். சாமுவின் மேட்டருகே வந்ததும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு செடியைப் பிடுங்கினாள். கொத்துக் கொத்தாய்க் காய். பக்கத்து வீட்டு ரோஸ் அத்தை அலறினாள்: "ஐயோ, வாயில வெச்சிடாதீங்கண்ணி, பொணம் தின்ன மண்ணு!" அம்மா காதில் வாங்கவில்லை. காயை முந்தானையில் துடைத்து, உடைத்து, ஒரு பயறைத் தன் வாயிலும் ஒன்றை என் வாயிலும் போட்டாள். துப்பவும் பயம், விழுங்கவும் பயம். ஆனால் தித்தித்தது. உண்மையைச் சொல்லிவிட அதுதான் நேரம். சொல்லாமல் மென்று விழுங்கினேன்.

இந்த ஈஸ்டருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் மல்லாட்டைக் கொல்லை இப்போது கல் நட்ட மனைகளாகிவிட்டது. சாமுவின் மேட்டை, அப்பா இருந்தபோதே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டியாயிற்று. சுற்றிலும் எல்லாக் கல்லறையும் அப்படித்தான், எதன் மேலும் ஒரு விதை ஊன்றக் கையகல மண் கிடையாது. அந்த டைல்ஸ் மேல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், நாற்பது வருஷம் கழித்துச் சொன்னேன்.

"அவன் தின்னலம்மா. நாந்தான்."

"தெரியும்டி. அவன அடிச்சிட்டுத் திரும்புறேன், ஒன் வாயில பச்சப் பயறு வாசன. அவன சமாதானம் பண்ண ரோஷம் உடல. காலைல பாத்துக்கலாம்னு உட்டேன். விடியறதுக்குள்ள ஜுரத்துல நெனவு தப்பிப்போச்சி." டைல்ஸ் மேல் கிடந்த ஒரு சருகை எடுத்துப் போட்டாள். "அப்பறமா மூணு பயற எடுத்துக்கினு வந்து இங்க ஊனினேன். தண்ணி ஊத்திக்கினு இருந்ததும் நாந்தான்."

"நானும் அஞ்சு ஊனினேம்மா."

அம்மா விரல்களை மடக்கினாள். "அஞ்சும் மூணும் எட்டு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒம்போது இருந்துதே."

குழியை மூடும்போது மண்ணோடு ஒன்று தவறி விழுந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சிரித்துவிட்டாள். சாமுவை நினைத்து அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தனக்கென்று விட்டிருந்த இடத்தைக் காட்டினாள்.

"எம்மேல மட்டும் சிமெண்ட்டு பூசிடாதடி. மண்ணாவே உடு."