டெல்லியில் கிடைக்காத தேங்காய்

டெல்லிக்குப் போகிறேன் என்றதும் அம்மா, நான் ஏதோ கப்பல் ஏறப்போவதைப் போல மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். அலுவலகப் பயிற்சி, ஒரே மாதம், தங்கப்போவது கல்லூரித் தோழியின் வீட்டில், அவர்களும் தமிழர்கள்தான். எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அது கண்காணாத தேசம்டி. கையை வீசிட்டா போய் நிப்பே?" என்று ஒரே போடாகப் போட்டாள். கோணி நிறையத் தேங்காய், ஒரு கட்டு முருங்கைக்காய், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. சென்னையில் ரயில் மாறும்போதே எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

டெல்லி ஸ்டேஷனுக்குத் தோழியின் அப்பா வந்திருந்தார். மத்திய அரசு அதிகாரி, மங்கி குல்லாய், கழுத்தில் மஃப்ளர். கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"உள்ள என்னம்மா, அம்மிக்கல்லா?"

"தேங்காய், அங்கிள். இங்க கிடைக்காதுன்னு அம்மா குடுத்துவிட்டாங்க."

அவர் லோதி ரோடு பக்கம் இருந்த குவார்ட்டர்ஸுக்குப் போகாமல் ஆட்டோவை நேரே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு விடச் சொன்னார். அங்கே ஒரு கடை வாசலில் தேங்காய் மலையாகக் குவிந்து கிடந்தது. முருங்கைக்காய், வாழையிலை, கறிவேப்பிலை, எங்கள் ஊரில்கூடச் சமயத்தில் அகப்படாத சேப்பங்கிழங்கு. அங்கிள் ஒரு தேங்காயை எடுத்து, "பையா, யே க்யா ஹை?" என்று, இது என்னவென்றே தெரியாதவர் போலக் கடைக்காரரைக் கேட்டார். அந்த மனிதர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தேங்காய் சார்" என்றார், சுத்தத் தமிழில்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. "பாவம், டெல்லியில கிடைக்காது" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டால், "ஊர்லேருந்து கொண்டு வரலையா? இங்க கிடைக்காதேம்மா" என்பார். மூடுபனி விலகி மத்தியானம் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்தால், "பொண்ணு கோணியில கட்டிக் கொண்டு வந்திருக்கா, ஜல்தி போய்க் காயுங்க" என்று வீட்டையே விரட்டுவார். என் தோழி, படுபாவி, அவளும் அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாவுக்குக்கூட யாரோ சொல்லிக்கொடுத்து, படியில் என்னைப் பார்த்தால் போதும், "கிடைக்காது, கிடைக்காது!" என்று கைகொட்டிச் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "இவ்வளவு கிண்டல் பண்றீங்களே அங்கிள், நேத்து முருங்கைக்காய் சாம்பாரை வளைச்சுக் கட்டினது யாரு?"

"விருந்தாளி மனசு நோகக்கூடாதுன்னு சாப்பிட்டேன்மா" என்றார் பல் குத்திக்கொண்டே. இந்த மனிதரை என்ன செய்வது?

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரும் சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அங்கிள் ரிடையர் ஆகிறார். சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் தன் சொந்த ஊருக்கே போய்விடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். தோழியின் அம்மாவுக்கு, அதாவது ஆன்ட்டிக்கு, அது துளியும் பிடிக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க அந்தக் காலனிப் பெண்கள் கீழே புல்தரையில் பாய் விரித்து, மூட்டை மூட்டையாகப் பச்சைப் பட்டாணி உரிப்பார்கள். யார் வீட்டுப் பட்டாணி என்று கணக்கில்லை, எல்லோரும் எல்லோருடையதையும் உரிப்பார்கள். கல்யாணமாகி வந்த வருஷம் ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் அந்தப் பாயில் போய் உட்கார்ந்தவர் ஆன்ட்டி. இப்போது அந்தப் பாயில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கும்.

"ஊர்ல எல்லாம் கிடைக்கும்" என்றார் அங்கிள் ஒரு மத்தியானம்.

"எல்லாம் கிடைக்கும். இவங்க கிடைப்பாங்களா?" என்று ஆன்ட்டி பால்கனியிலிருந்து கீழே கையைக் காட்டினார். "இங்க நான் மதராசி, அங்க போனா டெல்லிக்காரி. இந்த வயசுல மறுபடியும் முதல்லேருந்து யார்கிட்ட போய் சிரிச்சுப் பேச?"

அங்கிள் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மறுநாளே ஒரு வாரப் பயணமாக ஊருக்குக் கிளம்பிவிட்டார், வீடு பார்க்க. எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உப்புக்கும் வெயிலுக்கும் அவ்வளவு பேசுகிறவர், கட்டிய மனைவி கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்கக் கூடாதா? ஆன்ட்டி அந்த வாரம் பட்டாணி உரிக்கக் கீழே இறங்கவேயில்லை. "எப்படியும் விட்டுட்டுப் போகப்போறேன், இப்பவே பழகிக்கறேன்" என்றார்.

அங்கிள் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆட்டோ சத்தம் கேட்டுத் தோழியும் நானும் பால்கனியில் எட்டிப்பார்த்தோம். அங்கிள் இறங்கினார். பின்னாலேயே ஒரு கோணி இறங்கியது.

இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். ஆகா, இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன்!

"உள்ள என்ன அங்கிள், அம்மிக்கல்லா?"

அவர் அசட்டுச் சிரிப்போடு மாடியேறினார். கூடத்தில் கோணியை அவிழ்த்தால் தேங்காய். அத்தனையும் தேங்காய். அதற்கு நடுவே, மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கறிவேப்பிலைக் கன்று. "அச்சா! டெல்லியில கிடைக்காதாப்பா?" என்று தோழி தரையில் உருண்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. கன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊருக்கே குடிபோகப்போற மனுஷர், செடியை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க?"

அங்கிள் குனிந்து ஷூ முடிச்சை அவிழ்த்தபடியே பேசினார். "காலையில வாக்கிங் போனா பேச ஒரு ஆள் இல்ல. நான் படிச்ச ஸ்கூல் வாசல்ல நின்னுட்டிருந்தேன். டீக்கடைக்காரர் வந்து, சாருக்கு எந்த ஊருன்னு கேட்டார்." ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இங்கயே, கோட்லா பக்கம் சின்னதா வாடகைக்கு ஒரு வீடு பாத்துக்கலாம். நீ இங்க நடந்தே வந்துட்டுப் போகலாம். பால்கனி மட்டும் வெயில் பக்கமா இருக்கணும், இதுக்கு."

ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையெல்லாம் முன்னாடியே வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?" என்று ஒரு அதட்டல் போட்டார். பிறகு கன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார்.

பால்கனியிலிருந்து நாங்கள் பார்த்தோம். புல்தரையில் பாய் விரித்திருந்தார்கள். செடியைக் கண்டதும் பஞ்சாபி அம்மா பட்டாணியைப் போட்டுவிட்டு, "கிடைக்காது, கிடைக்காது!" என்று கைகொட்டினார்.

"மில் கயா ஜி, மில் கயா" என்றார் ஆன்ட்டி. கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சு என்று அதையே தமிழிலும் சொல்லிக்கொண்டு, பாயில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார்.